குப்பைக் கூடைக்குப் போன ஆர்கிட்

கோபம் வந்தால் சோனியா கத்த மாட்டாள். வேலையை இரண்டு மடங்கு வேகமாகச் செய்வாள். அன்று அவள் தரை துடைத்த வேகத்தைப் பார்த்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் ஒன்பது வருடமாக அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ரிசப்ஷன் மேசையில் இருந்த ஆர்கிட் செடி பூவெல்லாம் கொட்டி, இலை துவண்டு போயிருந்தது. முதலாளி என்ன ஆச்சு என்று கேட்டார். அட்மின் மேனேஜர் ஸ்ரீரஞ்சனி பத்துப் பேர் முன்னால் சோனியாவைக் கை காட்டினாள். "இவங்கதான் சார், கண்டபடி தண்ணி ஊத்திட்டாங்க."

திங்கட்கிழமை தவறாமல் செடியின் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு வந்தது ஸ்ரீரஞ்சனிதான். ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். சோனியா வாய் திறப்பதற்குள் வார்னிங் லெட்டர் வந்துவிட்டது. அவளைக் கழிப்பறை வேலைக்கு மாற்றினார்கள். செடி குப்பைக் கூடைக்குப் போனது.

சாயங்காலம் கூடையைக் காலி செய்யப் போனவள், செடியை மட்டும் தொட்டியோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குடி இந்தக் குப்பைய ஊட்டுக்குத் தூக்கினு வந்த?" என்றாள் அம்மா மங்களம். ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை வீடு.

"நான் கொன்னேன்னு சொல்லிட்டாங்கம்மா. இது சாகக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்கு எடுத்துப் போனாள். நர்சரிக்காரர் நாகேஷ் செடியைத் தொட்டியிலிருந்து உருவியதுமே அழுகல் நாற்றம் அடித்தது.

"தண்ணி நின்னு வேரே கொழகொழன்னு ஆயிருக்கு அக்கா. இது மரத்துமேல ஒட்டி வளர்ற செடி. வேருக்குக் காத்து வேணும். விட்டுடுங்க, பொழைக்காது."

"பொழைக்குமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து, கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, அழுகிய வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு திட்டு விழுந்தது. மிஞ்சியவை மூன்றே வேர்கள். வெட்டிய இடம் அழுகாமலிருக்க லவங்கப்பட்டைத் தூள் தடவினாள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கரித்துண்டு வாங்கி, நாகேஷ் கொடுத்த மரப்பட்டைச் சில்லோடு கலந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நட்டு ஜன்னலில் வைத்தாள். வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அதுவும் சொட்டு மிச்சமில்லாமல் வடிய வேண்டும்.

நாலு மாதம் அது அசையவே இல்லை. இருந்த மூன்று இலைகளில் ஒன்று மஞ்சளாகி விழுந்தது. "நீயும் என்னைப் பொய்யாக்காத," என்று செடியிடமே சீறினாள். ஐந்தாவது மாதம் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் புது இலை. இரண்டாவது டிசம்பர் குளிரில் தண்டு கிளம்பி, ஜனவரியில் ஏழு வெள்ளைப் பூக்கள் விரிந்தன.

'குப்பையில் கிடந்த ஆர்கிட்' என்று படத்தோடு வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டாள். ரிசப்ஷனிஸ்ட் தீபிகா அதை ஸ்ரீரஞ்சனிக்குக் காட்டியிருக்கிறாள். மறுநாள் ஸ்ரீரஞ்சனி சோனியாவை ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"நம்ம ஆர்கிட்தானே அது? சூப்பர்! நாளைக்கு எடுத்துட்டு வா, இங்க வெச்சிடலாம்."

"தர மாட்டேன் மேடம்."

"ஆபீஸ் செடி சோனியா அது."

"குப்பையில போட்டீங்களே, அப்ப யார் செடி? ஐஸ் போட்டு அழுக வெச்சது நீங்க. லெட்டர் வாங்கினது நான்."

சுற்றி நின்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்ரீரஞ்சனியின் முகம் சிவந்தது. "ஒரு செடிக்காகவா இவ்ளோ கோபம்?"

"ஒரு செடிக்காகத்தானே மேடம் என்னைக் கக்கூஸ் கழுவ வெச்சீங்க?"

ஸ்ரீரஞ்சனி கேபினுக்குள் போனாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வாரம் சூப்பர்வைசர் வந்து, லெட்டரை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார்கள், மறுபடி ரிசப்ஷனுக்கே வரலாம் என்றார்.

"எந்த வேலையும் செய்வேன் சார். ஆனா லெட்டர எடுத்துட்டோம்னு எழுதிக் குடுங்க," என்றாள் சோனியா. கையெழுத்தோடு காகிதம் கைக்கு வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.