ஓகஸ்டில் விழுகிற பிள்ளை

பிள்ளைகளின் மூட்டுகளை இளகவைப்பதுதான் என் தொழில். ஆனால் பாதி நாள், பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று பெரியவர்களை நம்பவைப்பதிலேயே போய்விடும். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையும் சுற்றிவர வாய் ஓயாத சொந்தக்காரரும் வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் நாரந்தனையில், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் திறந்துவிட்ட வீட்டில், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம் நடத்துகிறோம். போன முறை பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

வான்காரர்

யாழ்ப்பாணத்தில் இருந்து பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வான் பிடித்தோம். மூட்டுவாதக்காரருக்கான முகாம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். சாரதி பொறுப்பான மனிதர். ஏறி இறங்க ஒரு பலகைப் படி, முதுகுக்கு வைக்கத் தலையணைகள், இடையில் இளைப்பாற ஒரு பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

அப்போது பின்னேரம் மூன்று மணி. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தம் இருப்பதே தெரியாது. யன்னல் கரைக்குச் சண்டை பிடித்து ஏறி, அந்தத் தலையணைகளாலேயே ஆளை ஆள் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாரதி கனநேரம் கேற்றைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் மெல்லக் கேட்டார்: “மிஸ், பேரப்பிள்ளையள் எல்லாம் ஏறியிட்டினம். வருத்தக்காரர் எப்ப வருவினம்?”

காலமைக் கூழ்

அவர் காலையில் வந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். விடிந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு விரல் மடங்காது, முழங்கால் நீளாது. உடம்பு இளக ஒரு மணித்தியாலமாவது வேண்டும். சுடுதண்ணீரில் நனைத்த துவாய்களைக் கைகளில் சுற்றிவிடுவோம்; அது சீக்கிரம் ஆறிவிடும், பிள்ளைகள் அழுவார்கள்.

சமைக்க வந்த பரமேஸ்வரி அக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் ஒடியற்கூழ் காய்ச்சிவிட்டார். கூழ் பின்னேரத்தில், ஆட்கள் கூடியிருந்து குடிக்கிற சாமான், இதென்ன புதினம் என்று நான் முறுகினேன். அவர் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. பனையோலையில் பிளாக் கோலி, பதமான சூட்டில் கூழை வார்த்து, ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு கைக்குள்ளும் வைத்தார். அன்றைக்கு ஒருவரும் அழவில்லை. ஏழு வயது யதுசன் மாத்திரம் பிளாவைப் பிடித்தபடி குடிக்காமல் இருந்தான். பிடிக்கவில்லையா என்று அக்கா கேட்டார். “குடிச்சா முடிஞ்சிடும் அக்கா. என்ர கை இன்னும் நித்திரையால எழும்பேல்லை.”

செருப்பு வார்

ஞாயிற்றுக்கிழமை யதுசனைப் பார்க்க அவனுடைய அப்பா அல்லைப்பிட்டியில் இருந்து வந்தார். அவன் செருப்பு வாரை மாட்டப் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் குனிந்துவிட்டார். மகன் காலை இழுத்துக்கொண்டான். “அவசரமெண்டா நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ அப்பா, நான் வாறன்.”

சைக்கிள் ஓடாதவள்

மதுராவுக்குப் பதினொரு வயது, எழுவைதீவு. முகாமில் கொண்டுவந்து விட்ட அன்றே அவளுடைய அம்மா சுகந்தி என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “மிஸ், ஆரும் கேட்டா அவள் சைக்கிளால விழுந்தவள் எண்டு சொல்லுங்கோ. பொம்பிளைப்பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க வாதம் எண்டு கதை வரக்கூடாது.”

விசயம் இதுதான். வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம் ஒவ்வொரு ஓகஸ்டும் எழுவைதீவில் கூடுவார்கள். முதல் வருடம் பிள்ளையின் முழங்கால் வீங்கியிருந்தபோது சுகந்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் வீங்கியது. இப்படியே நாலு ஓகஸ்டில் நாலு தரம் அந்தப் பிள்ளை விழுந்துவிட்டது. அதைவிடப் பெரிய பிழை, மருந்துப் பெட்டியும் அந்த நாட்களில் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். கிழமைக்கு ஒருதரம், வெள்ளிக்கிழமையில் போடவேண்டிய குளிசை தவறும். சொந்தங்கள் விமானமேறிப் போனபின் மதுரா மூன்று கிழமை பாயில் கிடப்பாள்.

“இந்த முறை மருந்தை நிப்பாட்டாதையும் சுகந்தி” என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. முழங்காலுக்குச் சைக்கிள் நல்ல பயிற்சி, ஆனால் விழுகிற பிள்ளை என்று பெயர் வந்துவிட்டதால் அவளை அதைத் தொடவே விடுவதில்லை. காலை நீட்டி மடக்கும்போது மதுராவே அதைச் சொன்னாள்: “மிஸ், எனக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது.”

ஒன்றுகூடல்

முகாம் முடிந்த கிழமை, வெள்ளிக்கிழமை, மதுரா வரச்சொன்னாள் என்று ஊர்காவற்றுறையில் படகேறி அவர்களுடைய ஒன்றுகூடலுக்குப் போனேன். தறப்பாள் பந்தலின் கீழ் நாற்பது பேர். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் பகிடி, நடுவில் பாயசம். எனக்கு இப்படிப்பட்ட கூட்டங்கள் சரியான விருப்பம். சுகந்தி என்னைப் பள்ளிக்கூட ரீச்சர் என்று அறிமுகப்படுத்தினார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது.

அப்போது சுகந்தியின் அண்ணன், கனடாக்காரர், ஒரு புதுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சில்லுகள். “இனி நீ விழமாட்டாய். ஏறு, மாமா பிடிக்கிறன்!” எல்லோரும் கைதட்டினார்கள். மதுராவின் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சுகந்தி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயில் பாயசமும் பயமுமாக நின்றேன். அந்த இடத்தில் எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

மதுரா சைக்கிளைத் தொடவில்லை. “மாமா, நான் ஒருநாளும் விழேல்லை. எனக்கு மூட்டு வருத்தம். வெள்ளிக்கிழமையில குளிசை போடுறனான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். விழுகிற பிள்ளை என்று நாலு வருடமாக அவளை நக்கலடித்த அந்த மாமா சைக்கிளை விட்டுவிட்டுப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். சுகந்தி வீட்டுக்குள் போய் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். குளிசையை மகளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தமையனைப் பார்த்து அழுதார்: “அவள் விழேல்லை அண்ணை. நான்தான் வருசா வருசம் அவளை விழுத்தினனான்.”

படித்துப் பட்டம் பெற்ற நான் ரீச்சர் வேசத்தில் பாயசக் கிண்ணத்தோடு நிற்க, அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவள் என்னிடம் சிகிச்சைக்கு வருகிற பதினொரு வயதுப் பிள்ளை.