கைரேகைக்காகக் கையெழுத்து வாங்கின கதை

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொல்ற விசயமில்ல. மனுவைத் தூக்கிக்கிட்டுக் கையெழுத்துக்கு அலைஞ்சவங்களுக்குத் தெரியும், இந்த வேலையில முதல்ல தேயுறது செருப்பு, அடுத்தது வாய். நான் அஞ்சாம் வகுப்போட நின்னவன். ஆனாலும் பதுளையில இருக்கிற எங்க சின்ன உரிமைச் சங்கத்துக்கு, தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டங்கள்ல கையெழுத்து வாங்குறது நான்தான்.

மெஷின் வந்தது

எங்க தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் கூப்பிடுறது போய், விரல் வைக்கிற மெஷின் வந்துச்சு. ரேகையெல்லாம் மெஷின் வித்த கம்பெனிக்குப் போகுதுன்னாங்க. அங்கேருந்து எங்க போகுதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல. "எங்களைக் கேக்காம எங்க ரேகைய யாருக்கும் குடுக்கக்கூடாது." தோட்டத்து மேனேஜர் தொரைக்கு நாங்க எழுதின மனு இந்த ஒரு வரிதான்.

மனுவை எழுதினவ செல்லம்மா, கொழுந்து பறிக்கிறவ. கொழுந்துக் கறை ஏறி, ரேகை தேஞ்ச விரல். நாலு தடவை வச்சும் மெஷின் ஏத்துக்கல. "மெஷின் கணக்குல நீ இன்னைக்கு வரவே இல்ல"ன்னு கங்காணி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அவ நிதானமாக் கேட்டா: "நான் வரலேன்னா, இவ்வளவு நேரம் யாரைத் திட்டுனீங்க கங்காணி ஐயா?"

நோட்டீஸ் வந்தது

மனு விசயம் காதுக்குப் போனதும் அந்த மெஷின் கம்பெனி ஆபீசர் ஒருத்தர் சங்கத்தைத் தேடி வந்தார். மரியாதையான ஆளு. தகவல் பாதுகாப்புக்கு நாங்களே கூட்டம் போட்டுத் தர்றோம், பேனர், நோட்டீஸ், சோத்துப் பார்சல் எல்லாம் எங்க செலவுன்னார். சங்கச் செயலாளருக்கு வாயெல்லாம் பல்லு. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

நோட்டீஸ் வந்துச்சு. பாஸ்வேர்டைச் சொல்லாதீங்க, தெரியாத லிங்கை அமுக்காதீங்கன்னு நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வரியை மட்டும் காணோம். ஆபீசரைக் கேட்டா, இடம் பத்தலையாம். செல்லம்மா பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினா: "இங்க உங்க கம்பெனி பேரு காலை நீட்டிப் படுத்திருக்கே சார், கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கச் சொல்லுங்க."

பார்சல் வந்தது

ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல கூட்டம். 'உங்கள் தகவல், உங்கள் உரிமை'ன்னு பெரிய பேனர். வாசல்ல ஒரு புத்தகம்: பேரு, அடையாள அட்டை நம்பர், போன் நம்பர், கையெழுத்து. எழுதினாத்தான் பார்சல். எனக்கு முன்னால நின்ன மூக்கன் அண்ணன் ஆபீசரைப் பார்த்துக் கேட்டார்: "யாருகிட்டயும் எதையும் சொல்லாதீங்கன்னு படிச்சுக் குடுக்க, முதல்ல உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணுமா தம்பி?"

பேனா கை மாறினது

செயலாளர் என் காதுல, "விட்டுப் பிடிப்போம்ணே, அடுத்த கூட்டத்துக்கும் செலவு பண்றேங்கிறாங்க"ன்னார். மனு அன்னைக்கோட செத்துச்சுன்னுதான் நெனச்சேன்.

செல்லம்மா புத்தகத்தை இழுத்து, ரெண்டு நம்பர் கட்டத்தையும் கோடு போட்டு அடிச்சா. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல எங்க வரியை எழுதினா. நேரா மேடைக்குப் போய் மைக்குல, "சார், உங்க பேனர்ல இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன். முதல் கையெழுத்து நீங்க போடுங்க"ன்னா. ஆபீசர் பேனரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், போட்டார். பின்னாடியே மண்டபம் முழுக்கப் போட்டுச்சு.

எல்லாரும் கோழிக்கறிப் பார்சலைச் சாப்பிட்டு முடிச்ச பிறகு, செல்லம்மா அந்தப் புத்தகத்தை அணைச்சுக்கிட்டு, மலையேற முடியாதுன்னு கம்பெனி வண்டியிலேயே ஏறி, தொரை பங்களா வாசல்ல இறங்கி, அதையே மனுவாக் குடுத்துட்டு வந்தா.