ஓநாயா, காளையா?

அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹால்வர் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் ஆர்டிஸ் குல்சேத். மாவட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம்; அங்கே ஊர்ப் பள்ளியை நடத்தும் நிர்வாகத்துக்குத்தான் அந்தப் பெயர். ஒரே கட்டிடம், தொண்ணூற்றாறு பிள்ளைகள். இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர். வந்த நாள் முதல் அவருக்கு ஒரே ஆசை: தன் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்த ஓர் ஆசிரியர் வேண்டும். எத்தனை முறை விளம்பரம் கொடுத்தும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கோதுமை வயலும் காற்றும் மட்டுமே இருக்கிற ஊருக்கு எவர் வருவார்?

ஒரே வழிதான் இருந்தது. ஒன்பது மைல் தள்ளியிருந்த ரெட்விக் பள்ளியோடு சேர்ந்து, இரண்டு ஊர்ப் பணத்தையும் போட்டு நல்ல சம்பளம் கொடுத்து ஆளை வரவழைக்க வேண்டும். ஆனால் இரண்டு ஊருக்கும் மைதானத்தில் எண்பது வருஷப் பகை. ஆர்டிஸ் ஆறு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கொடுத்த தண்ணிக் காப்பியையெல்லாம் முகம் சுளிக்காமல் குடித்தார். கட்டிடம், வரி, பஸ் எல்லாவற்றுக்கும் இரண்டு ஊரும் தலையாட்டிவிட்டன.

சேர்ந்த பள்ளியின் விளையாட்டு அணிக்கு என்ன பெயர் என்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளினார். ஹால்வர்காரர்கள் ஓநாய்கள், ரெட்விக்காரர்கள் காளைகள். இதென்ன பெரிய விஷயம், பிள்ளைகளே புதுப் பெயர் வைக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிள்ளைகள் 'பனிப்புயல்' என்று வைத்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

இணைப்புக்கான வாக்கெடுப்புக்கு முன் ஹால்வர் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஊர்க்கூட்டம். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆர்டிஸிடம் கணக்குப் படித்த விவசாயி லைல் பிரெக்கி எழுந்தான்.

"டீச்சர், எங்கப்பா ஓநாய், நானும் ஓநாய். எம்பொண்ணு பனிப்புயலா? அதான் வருஷா வருஷம் சும்மாவே வருதே!"

கூடமே சிரித்தது.

"உம்பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்கிறா லைல். கெமிஸ்ட்ரி இல்லாம எப்படிப் படிப்பா?"

"அதெல்லாம் ஆண்டவன் பாத்துப்பான். ஓநாய்னே வைங்க."

"ஓநாய்னு வச்சா ரெட்விக்காரன் வரமாட்டாம்ப்பா."

"வராட்டிப் போறான்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வேதியியலைப் பற்றி அதற்கப்புறம் எவரும் வாயைத் திறக்கவில்லை. பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் இணைப்பு தோற்றது. இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் குறைந்து பள்ளியே மூடப்பட்டது. மாவட்டத்தைக் கலைக்கும் கடிதத்தில் ஆர்டிஸே கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகளை ஐம்பது மைல் தள்ளியிருந்த நகரத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மளிகைக்கடையில் லைலையும் அவன் மகள் பிரிட்டாவையும் ஆர்டிஸ் பார்த்தார்.

"அங்க கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்காராமே?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இருக்காரு மிஸ். ஆனா அது மொத பீரியட். நம்ம பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுது" என்றாள் பிரிட்டா.

லைல் தொப்பியைக் கழற்றினான்.

"டீச்சர், அந்த நேரத்த மாத்தச் சொல்லி யார்ட்டக் கேக்கணும்?"

"அங்கத்த கண்காணிப்பாளர்கிட்டதான்."

"நாலு தடவ ஃபோன் போட்டேன். நீங்க யாரு, எந்த ஊருன்னு கேக்குறாங்க. ஹால்வர்னு சொன்னா, அது எங்க இருக்குங்கிறாங்க டீச்சர்."