இருபது எழுத்துக்குள் அப்பா

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். முதல் நாளே ஆசிரியர் சொன்னார்: "வேரியபிள்னா பேரு எழுதி ஒட்டுன பிஸ்கட் டின்னு. நீ எதப் போடுறியோ அதுதான் உள்ள இருக்கும்." நானும் நம்பினேன்.

படிப்பு முடிந்ததும், அவரே எழுதிய புரோகிராமில் சான்றிதழ் அச்சடித்துத் தந்தார். இந்த நாட்டில் தமிழ்ப் பெண்ணின் பெயருக்குப் பின்னால், இன்னார் மகள் என்பதற்கு ஏ/பி போட்டு அப்பா பெயரை எழுதுவது வழக்கம். என் பெயர் இருந்தது, ஏ/பி இருந்தது, அப்பா பெயர் பாதியில் நின்றது. டவுனில் ஒரு கம்பெனி எனக்கு வேலை தரத் தயாராக இருந்தது. ஆனால் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டுமாம். இல்லையென்றால் பால்மரம் வெட்டத்தான் போக வேண்டும்.

"இருபது எழுத்துக்கு மேல கம்ப்யூட்டர் வாங்காதுலா. நான் என்ன செய்ய?" என்றார் ஆசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டருக்கு என் அப்பா மேல் என்ன பகை? முதல் இருபது எழுத்தை மட்டும் எடு என்று கட்டளை எழுதியது இவர் கை. இவர் பெயர் அதற்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா, "விடும்மா, ஒம் பேரு முழுசா இருக்குல்ல, போதும்," என்றார். எஸ்டேட் ஆபீசில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் தலையாட்டிப் பழகிய மனுஷன். அவர் மேல்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் ஆசிரியர் வருவதற்குள் போய் உட்கார்ந்தேன். அந்த வரியைத் தேடி, இருபதை நாற்பதாக்கி ஓட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு அப்பாவை முழுசாக அடித்துத் தள்ளியது.

"யாரக் கேட்டுத் தொட்ட?" பின்னால் ஆசிரியர்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். சேவ் பண்ணிட்டு எந்திரிக்கிறேன்."

அவர் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். சேவ் பண்ணாத திருத்தம் கரண்ட் போனால் அழிந்துவிடும். அதுவும் அவர் நடத்திய பாடம்தான்.

அச்சான தாள் மட்டும் என் கையில் இருந்தது. அதைக் காட்டி எனக்கு வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து அதே கம்பெனிக்கு வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். அதே மாடியில் படித்தவள். அவள் அப்பா பெயரும் பாதியில் நின்றது. திருப்பி அனுப்பச் சொன்னார் மானேஜர்.

அரைநாள் லீவு போட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். ஆசிரியரைக் கேட்காமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவ சேவ் பண்ணப் போறேன் சார். சுவிட்சுல கை வச்சுப் பாருங்க."