நுரைக்குக் காவல் இருந்த மீன்

“…ஆம்பள வளக்குற பொண்ணு உப்புப் படாத கருவாடுடி, அதான் சொல்றேன், எங்கூட வந்துடு. அய்யய்யோ, இன்னாடி இது, இந்த மீனு பெத்த முட்டைய அதுவே முழுங்குது!”

அத்தையின் பேச்சு அப்படித்தான், ஒரு கரையில் தொடங்கி இன்னொரு கரையில் ஏறும். நைனாவுக்கு அக்கா, லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். என் துணியெல்லாம் அவள் பையில் ஏறியாகிவிட்டது.

அம்மா இறந்த பிறகு, விடியலில் படகேறினால் என்னை யார் பார்ப்பது என்று நைனா படகையே விட்டுவிட்டார். ஐஸ் மீன் வந்த பழைய தெர்மாகோல் பெட்டிகளில் நல்ல தண்ணீர் ஊற்றி ஃபைட்டர் மீன் வளர்த்தார். குஞ்சு தேறினால் சென்னை வண்ணமீன் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஊர் சும்மா இருக்குமா? ‘மீனவன் வீட்ல மீனுக்குத் தாலாட்டு’ என்றது. இதற்கு முன் மீன்கள் போட்ட முட்டையெல்லாம் வீணாகியிருந்தது. இதுவும் போனால் நைனா படகுக்கு, நான் அத்தை வீட்டுக்கு என்று பேச்சு; போகத்தான் போகிறது என்று அத்தை முன்கூட்டியே பை கட்டிவிட்டாள். எனக்கோ, நான் போய்விட்டால் இந்த மீனுக்குக் கொசுப்புழு யார் பிடித்துப் போடுவார்கள் என்பதுதான் கவலை.

நைனா லாரித் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அத்தை முட்டையைக் காப்பாற்றப் பெட்டிக்குள் சொம்பை விட்டு ஆண்மீனை மொண்டுவிட்டாள். மீன் பழகிய கை, ஒரே மொள்ளலில் வந்துவிட்டது. முட்டைக்காக அது வாயால் ஊதி மேலே மிதக்கவிட்ட நுரைக்கூடு கலைந்து, முட்டைகள் ரவை உதிர்வதுபோல் அடியில் இறங்கின. எடுத்து வைக்க ஆளில்லை.

குடத்தோடு வந்த நைனா சொம்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

“அது முழுங்கலக்கா. கீழ உழுந்த முட்டைய வாயில கவ்விக்கினு போயி நுரையில ஒட்டுது.”

மீனைத் திரும்ப விட்டார்.

அது மூலையில் போய் அசையாமல் நின்றது. மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தோம். “போடா ராசா, போ” என்று கெஞ்சியது அத்தைதான். கடைசியில் ராசா மனசு வைத்தார். அடிக்குப் போய் ஒன்றைக் கவ்வி, மேலே வந்து நுரையில் துப்பினார். மறுபடி இறங்கினார்.

“தாய் எங்கடா?”

“வேற பெட்டியில. முட்டை போட்டதோட அது வேலை முடிஞ்சுது. இனிமே எல்லாம் இவந்தான்.”

“தின்னாம கொள்ளாமலா?”

“குஞ்சு நீந்துற வரைக்கும்.”

அத்தை எலும்பு தெரிந்த நைனாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இவ்வளவு வேடிக்கை நடக்கும்போது நைனாவிடம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கொசுப்புழு பிடிக்க ஆள் வேண்டும் என்பது அத்தைக்கும் புரிந்துவிட்டதாக்கும் என்று நான் குதிக்க, அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பையிலிருந்த என் பாவாடை சட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து உதறி, திரும்பக் கொடியில் போட்டாள்.