கடைசிச் சொட்டுக்காரி

என் மனைவி எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டாள். பற்பசை தீர்ந்தால் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்தெடுப்பாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் ‘கடைசிச் சொட்டு’ என்றே பெயர். இருபத்திரண்டு வருடமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. தைராய்டு கட்டியிலிருந்து டாக்டர் மெல்லிய ஊசியால் உறிஞ்சித் தருவதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும். தடவியதும் மற்றவர்கள் ஊசியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இவள் ஒரு குப்பியில் இருக்கும் திரவத்தை அதே ஊசியால் இரண்டு முறை உறிஞ்சிப் பீய்ச்சி, உள்ளே ஒட்டியிருக்கும் நாலு செல்லையும் கழுவி எடுத்து வைப்பாள்.

“ஊசி கழுவின தண்ணியில அப்படி என்ன இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஸ்லைடைப் பாத்து முடிவு சொல்ல முடியலன்னா இந்தத் தண்ணிதாங்க சாட்சி. செல்லுக்குள்ள ஜீன் மாறியிருக்கான்னு இதை வச்சுப் பாப்பாங்க. சில மாற்றம் தெரிஞ்சா புற்றுநோய்தான்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம்.”

நாலு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு பவிசா என்று கேலி செய்தேன். போன வருடம் என் தங்கையின் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தென்படும்வரை அந்தக் கேலி நீடித்தது.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்பது அவள் குரல்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்த ஒலிபெருக்கி அணையாது.

கட்டியில் ஊசி குத்திய அன்று என் மனைவிதான் பக்கத்தில் நின்றாள். முதல் இரண்டு குத்திலும் வெறும் ரத்தம். மூன்றாவதில் நன்றாக வந்தது. நம் வீட்டுப் பெண்ணாயிற்றே, டாக்டர் தாராளமாகப் பார்க்கட்டும் என்று சொட்டு மிச்சமில்லாமல் ஸ்லைடில் தடவிவிட்டாள். பதற்றத்தில் ஊசியையும் கழுவாமல் குப்பையில் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கை தாராளமானது, அதுவும் நாத்தனாருக்கு.

ஸ்லைடைப் பார்த்த டாக்டர் புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தைராய்டு சுரப்பியில் பாதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் ஆபரேஷன் செய்யும் டாக்டர். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். சிலருக்குக் குரல் கம்மிப் போவதும் உண்டாம்.

“தெரிஞ்சுக்கறதுக்கே வெட்டணுமா அண்ணி? வெட்டாம தெரிஞ்சுக்க வழியே இல்லையா?” என்றாள் தங்கை.

வழி இருந்தது. குப்பிதான் இல்லை.

“ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கழுவி வச்சேன். இவளுக்கு விட்டுட்டேங்க,” என்று சொல்லி என் மனைவி அழுதாள். மறுபடி குத்துவதென்றால் மூன்று மாதமாவது ஆறவிட வேண்டுமாம். அப்போதும் ரத்தம்தான் வரும் என்றால் என்ன செய்வது?

மறுநாள் காலையில் பற்பசைக் குழாயை வெட்டி வழித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஸ்லைடைச் சுரண்டலாம். செல்லு அங்கதானே இருக்கு.”

“அப்புறம் ஏன் யோசிக்கற?”

“சுரண்டினா ஸ்லைடு போச்சு. அவளுக்கு இருக்கிற ஒரே நல்ல ஸ்லைடு. சோதனைக்கு அது பத்தலன்னா உள்ளதும் போயிடும்.”

டாக்டரிடம் சொன்னாள். அவர் தங்கையைக் கூப்பிட்டுச் சம்மதம் வாங்கினார். பிறகு ஸ்லைடை மூலை முடுக்கு விடாமல் படம் எடுத்து வைத்தார். மேலே ஒட்டிய மெல்லிய கண்ணாடி கழன்று வருவதற்காக ஸ்லைடை ரசாயனத்தில் ஊறப் போட்டார்கள். அவசரப்பட்டு நெம்பினால் செல்லும் அதோடு வந்துவிடும். இரண்டு நாள் ஊறியது. என் மனைவி மணிக்கொரு முறை போய் எட்டிப் பார்த்தாளாம். மூன்றாம் நாள் பிளேடால் தூசு தூசாக வழித்துக் குப்பியில் சேர்த்தாள். இத்தனை வருடத்தில் ஒரு ஸ்லைடைக்கூட அவள் அழித்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் ஜீன் சோதனையின் முடிவு வந்தது. செல்கள் போதுமானவையாக இருந்தன. தேடிய மாற்றம் ஒன்றுகூட இல்லை. புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

தங்கை உடனே அந்த ஸ்லைடைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பினாள். என் மனைவி இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் அவள் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தன.

“என்ன அண்ணி, இதுல ஒண்ணுமே இல்லையே?”

“ஆமாம்மா,” என்றாள் கடைசிச் சொட்டுக்காரி. “உனக்காக எல்லாத்தையும் செலவு பண்ணிட்டேன்.”

தங்கையின் ஒலிபெருக்கி அணைந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.