சூளகிரி வழியில் கறிச்சாறு தேடி

போன மாதம் என் பேரன் குவாங்சோவிலிருந்து எழுதியிருந்தான். தெற்குச் சீனாவில் நான்கு ஊர் சுற்றியும் ஹலால் சாப்பாடு கண்ணில் படவில்லையாம். பிஸ்கட்டைத் தின்று காலம் தள்ளி, கடைசியில் ஒரு பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்துக்குள் நூடுல்ஸ் கடை ஒன்றைக் கண்டுபிடித்தானாம். அட, இதற்குச் சீனா வரைக்கும் போக வேண்டுமா? பெங்களூரிலிருந்து வாணியம்பாடிக்கு வருகிற வழியிலேயே நான் அலைந்திருக்கிறேன். அது 1955, சித்திரை மாதம்.

உல்லாசப் பயணம் ஒன்றுமில்லை. என் மனைவி ஜுலைகாவுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் காய்ச்சலோடு கிடந்தாள். அவ்வளவு நாளும் கஞ்சித் தண்ணீர்தான். காய்ச்சல் விட்டதும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உடம்பில் ரத்தமே இல்லை. இன்றிலிருந்து ஈரல், கறிச்சாறு என்று உள்ளே போக வேண்டும். தள்ளிப் போட்டால் தாங்கமாட்டாள்" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

பெங்களூரில் நம்மவர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை ஆறரை பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்தான். காலையிலேயே கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு, அங்கே அம்மா ஆட்டுக்கால் சூப்போடு காத்திருப்பாள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். கிருஷ்ணகிரி வரைக்கும் ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அங்கே வேறு பஸ் மாற வேண்டும். எல்லையில் மதுவிலக்குக்காரர்கள், மைசூர்ப் பக்கத்துச் சாராயம் இருக்கிறதா என்று மூட்டை முடிச்சைக் கிளறிப் பார்த்தார்கள். ஜுலைகாவின் தலையணையைக் கூட அமுக்கிப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூரிலிருந்து இருபத்தைந்து மைலில் ஓசூர். அந்த ஓசூரில் தொழிற்சாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலு தெரு, ஒரு ஏரி, புழுதி, அவ்வளவுதான். பஸ் அரைமணி நிற்கும் என்றார் கண்டக்டர். நான் கசாப்புக் கடைக்கு ஓடினேன். பூட்டு. பக்கத்தில் சாயபு ஓட்டல். அதற்கும் பூட்டு. எதிர்க்கடைச் செட்டியார் சிரித்தார். "கசாப்புக்காரர் மகளுக்கு ஆனேக்கல்ல கல்யாணம். தெருவே வண்டி கட்டிக்கினு போய்ட்டாங்க சாயபு. நாளைக்கு வாங்க." ஆனேக்கல்லில் அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்துகொண்டிருக்க, இங்கே ஒரு நோயாளிக்குக் கரண்டிச் சாறு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளையையும் சேர்த்துத் திட்டினேன். காபி கிளப்பில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றாள், அதையும் வாந்தி எடுத்தாள்.

சூளகிரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது பஸ் படாரென்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அடியில் ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. "ஊருக்குள்ள போய்க் கொல்லரக் கூட்டியாரணுங்க. எம்மா நேரம் ஆவும்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் நடையைக் கட்டினார். ஜுலைகாவைக் கைத்தாங்கலாக இறக்கிப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் அப்படியே என் மடியில் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் பேசவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. போய்விடுவாள் என்றே நினைத்தேன். எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சாலையோரத் தோப்பில் ஒரு குடியானவக் குடும்பம் மாரியம்மனுக்குக் கிடா வெட்டி விருந்து வைத்துக்கொண்டிருந்தது. கறிக்குழம்பு வாசனை பஸ் வரைக்கும் வந்தது. அந்த வீட்டு அம்மாள் முனிரத்தினம்மா. நாற்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி, தெலுங்கு பேசுகிறவர். எங்களைப் பார்த்துவிட்டு அவரே ஓடி வந்தார்.

"யாரு தம்பி, பச்ச உடம்புக்காரியா? ஐயோ, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்குது? இரு, சாறு கொண்டாரேன்."

"வேணாம்மா" என்றேன். "நாங்க முஸ்லிமுங்க. எங்காளு பிஸ்மில்லா சொல்லி அறுத்ததுதான் சாப்பிடுவோம். சாமிக்குப் படைச்சது ஆகாது."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "அது எங்களுக்குத் தெரியாதா? அம்மனுக்கு ஒரு கெடா, பூசாரி வெட்டுவாரு. விருந்தாளிக்கு ஒரு கெடா, அத எப்பவும் எங்க பாஷா பாய்தான் அறுப்பாரு. இல்லன்னா எங்க சிநேகிதக்காரங்கல்லாம் பட்டினியாத்தான் போவணும். ரெண்டும் வேற வேற அடுப்பு, வேற வேற பானை."

பாஷா பாய் அங்கேயேதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். எழுந்து வந்து, "நான்தான் அறுத்தேன் தம்பி, தைரியமா குடு" என்றார். ஜுலைகாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரின் மகள். இந்த விஷயத்தில் என்னை விடவும் கறார். பாயைப் பார்த்ததும் தலையசைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

கிண்ணம் வந்தது. ஆவி பறக்கும் சாறு, மேலே ஈரல் துண்டு. அவள் தலையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனேன். அப்போது முனிரத்தினம்மா பக்கத்தில் நின்ற தன் புருஷனிடம் தெலுங்கில் சந்தோஷமாகச் சொன்னார்: "அம்மனுக்கு வெட்டின கிடா ஈரலையும் இதில் போட்டுவிட்டேன். அந்தத் தாய் காப்பாத்துவா, இனி இந்தப் பொண்ணுக்கு ஒன்றும் ஆகாது."

தோல் மண்டி வேலையில் எனக்குத் தெலுங்கு அத்துப்படி. ஜுலைகாவுக்கு ஒரு சொல் கூடத் தெரியாது. பாஷா பாய் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவருக்கும் தெலுங்கு தெரியும். முடிவை என் தலையில் போட்டுவிட்டார். உயிர் போகிற நிலையில் மார்க்கமே தளர்வு கொடுக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் ஒப்புக்கொண்டது பாய் அறுத்த கறிக்கு. கிண்ணம் அவள் உதட்டில் பட்டுவிட்டது.

எடுத்துவிட்டேன்.

"இதுல அம்மன் கெடா ஈரலும் கலந்திருக்காம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த நேரத்தில் என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

முனிரத்தினம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி, நல்லது செய்யறன்னு போய்க் கெடுத்துட்டனே! சீக்காளிக்கு அம்மன் பிரசாதம்தான் ஒசத்தின்னு போட்டுட்டன் தம்பி." பாய் அறுத்த கிடாவின் பானையோ வழித்தெடுத்தது போலக் காலி. பஸ் ஆட்களுக்கெல்லாம் இலை போட்டிருந்தார்களே!

அந்த அம்மாள் விறுவிறுவென்று தோப்பு வீட்டுக்குப் போனார். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் தண்ணீர் படாத புதுப்பானை. கோழியைப் பாயிடம் நீட்டி, "இந்தா பாய், அந்தப் பொண்ணு கண்ணு முன்னாலயே அறு. பானையும் புதுசு, கரண்டியும் புதுசு. நான் எதயும் தொட மாட்டன், தம்பியே அடுப்பு வெக்கட்டும்" என்றார்.

நான் அடுப்பு மூட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. மிளகும் சீரகமும் எவ்வளவு என்று அவர் எட்டி நின்று சொல்லச் சொல்லப் போட்டேன். இதற்குள் பட்டை மாட்டிப் பஸ் தயாராகிவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு பேர் நேரமாகிறது என்று கத்தினார்கள். டிரைவர் இறங்கி வந்து, "அந்தம்மா குடிக்கிற வரைக்கும் வண்டி நகராது, அவசரக்காரங்க நடந்து போலாம்" என்றார். ஒருவரும் நடக்கவில்லை.

ஜுலைகா முதல் வாயை விழுங்கினாள். வாந்தி வரவில்லை. இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று கிண்ணத்தில் பாதியை முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உப்பு கம்மி" என்றாள். மூன்று வாரத்தில் அவள் சொன்ன முதல் குறை. நான் பஸ் முழுக்கப் பார்க்கும்படி ஓவென்று அழுதுவிட்டேன். முனிரத்தினம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். இன்று சூளகிரியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கம்பெனிகள், நெடுஞ்சாலை முழுக்க ஹலால் பலகைகள். பலகையை மட்டும் நம்பாதீர்கள், யார் அறுத்தது என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் எந்தப் பானை, வேறு ஏதாவது சேர்ந்ததா என்றும் கேளுங்கள். கேட்டால் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஜனங்கள் நொந்துகொண்டு நான் பார்த்ததில்லை. நோயாளியோடு போனால் கையில் ஏதாவது சமைத்து எடுத்துப் போங்கள், என்னைப் போல மதியம் வீடு என்று கணக்குப் போடாதீர்கள்.

கிருஷ்ணகிரி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது ஜுலைகா என் தோளில் சாய்ந்திருந்தாள். மனசு பொறுக்காமல் கேட்டேன். "நான் வாயை மூடிக்கிட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. அப்பவே குடிச்சிருப்ப, தெம்பு வந்திருக்கும். சொன்னது தப்போ?"

"எனக்குத் தெரியாதுதான்" என்றாள். "உங்களுக்குத் தெரியுமேங்க. அப்புறம் காலம்பூரா உங்க கையால எப்படிங்க எனக்கு ஒரு வாய் குடுப்பீங்க?"